தரங்கம்பாடிக்குப் பிள்ளைகளோடு போனவர்கள் இருக்கிறீர்களா?
வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான். மழைக்காலம் முடிந்ததும், தை மாதம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போகிறோம். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை! 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடற்கரையிலேயே இருப்பதால்தான் வேளாங்கண்ணியை விட்டுவிட்டு இதைப் பிடித்தோம். அங்கே கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடி முடியாது.

கால் நனைக்க மட்டும்தான் விடுவோம், அதுவும் கைகோத்து. வங்கக் கடல் அலையை நம்ப முடியாது. அதற்குத் தோதான இடம் கோட்டைக்கு எந்தப் பக்கம்? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை அருகில் உண்டா? புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறோம், உட்கார்ந்து சாப்பிட நிழல் வேண்டும். அப்புறம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை? சமீபத்தில் போனவர்கள் சொன்னால் நல்லது.