அகூஸ்டிக்கா, எலக்ட்ரோ-அகூஸ்டிக்கா? (இரவல் கிட்டாரில் இரண்டு தந்திகளுக்குச் சத்தம் கம்மி)

இரவல்கிட்டார்:
வணக்கம் நண்பர்களே. உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகியும் வாசிக்கக்கூடிய எலக்ட்ரோ-அகூஸ்டிக் கிட்டாரில்தான் இத்தனை நாளும் பழகினேன், இப்போது அவர் திருப்பிக் கேட்கிறார், அதனால் எனக்கென்று ஒன்று வாங்கியே ஆக வேண்டும். ஓபன் கார்டுகள் (சில தந்திகளை அமுக்காமல் விடுபவை) ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அமுக்கும் பாரே கார்டுதான் தகராறு, எஃப் பிடித்தால் பாதித் தந்தி பேசும், மீதி ஊமை. பெரும்பாலும் வீட்டில் பாடிக்கொண்டே வாசிப்பது, போனில் பதிவு செய்வது, எப்போதாவது நண்பர்கள் கூடும் இடத்தில் ஒன்றிரண்டு பாட்டு. அவ்வளவுதான் என் கச்சேரி.

ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வெறும் அகூஸ்டிக், மேல்பலகை சாலிட், அதாவது முழு மரம். இன்னொன்று எலக்ட்ரோ-அகூஸ்டிக், உடம்பு முழுக்க லேமினேட் (மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டியது), ஆனால் பிக்கப் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்குவது), பிரீஆம்ப் (அந்தச் சிக்னலை ஏற்றித் தருவது), ட்யூனர், கட்டவே (கழுத்தின் அடிவரை கை எட்ட உடம்பில் வெட்டிய வளைவு) எல்லாம் உண்டு. எதை எடுப்பது?

கூடவே ஒரு சந்தேகம். இரவல் கிட்டாரை ஆம்ப்பில் செருகினால் முதல் இரண்டு தந்திகளின் சத்தம் மட்டும் மிகவும் கம்மி. கேபிளைக் கழற்றிவிட்டு வாசித்தால் ஆறும் ஒழுங்காகக் கேட்கிறது. புது 9 வோல்ட் பேட்டரி போட்டேன், தந்திகளையும் மாற்றினேன், ஒரு பலனும் இல்லை. எலக்ட்ரோ-அகூஸ்டிக் என்றாலே இப்படித்தான் தொல்லை கொடுக்குமா? அப்படியென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மரத்தூள்:
முதலில் கோளாறு. பேட்டரி இறங்கினால் ஆறு தந்தியும் சேர்ந்து கரகரக்கும், சத்தம் குறையும், இரண்டை மட்டும் அது பழிவாங்காது. பெரும்பாலான எலக்ட்ரோ-அகூஸ்டிக்குகளில் உடம்பின் பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான சேடில் உட்காரும் காடிக்குள், அதற்கு அடியில், மெல்லிய பியெஸோ பட்டை ஒன்று படுத்திருக்கும். தந்தியின் அதிர்வு சேடில் வழியாக அதை அழுத்துவதால்தான் சிக்னல் பிறக்கிறது. சேடிலின் அடிப்பாகம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தாலே போதும், அந்தப் பக்கத்துத் தந்திகளின் அழுத்தம் பட்டைக்குச் சரியாகப் போய்ச் சேராது. செருகாமல் வாசித்தால் ஒலி மேல்பலகையிலிருந்து வருகிறது, அதனால்தான் அப்போது குறை தெரிவதில்லை. சமீபத்தில் யாராவது சேடிலில் கை வைத்தார்களா?

இரவல்கிட்டார்:
ஆமாம் அண்ணா! ஆக்‌ஷன் (கழுத்திலிருந்து தந்தி நிற்கும் உயரம்) அதிகமாக இருக்கிறது என்று அவரே சேடிலைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தாராம்.

மரத்தூள்:
அப்போ அதுதான். கையில் பிடித்துத் தேய்த்தால் அடிப்பாகம் ஓரங்களில் உருண்டுவிடும். தந்திகளைத் தளர்த்தி, சேடிலை உருவி, அதன் அடியை ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு, சேடிலை ஒரு சதுரக் கட்டையில் அணைத்து நேராக நிறுத்தி, மெதுவாகத் தேயுங்கள். சேடிலில் அரை மில்லிமீட்டர் போனால் 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளில் 12ஆவதில்) தந்தி கால் மில்லிமீட்டர் இறங்கும், ஏற்கெனவே ஒருமுறை இறக்கிய கிட்டார் என்பதால் கணக்கு தப்பக் கூடாது. காடிக்குள் தூசி கிடந்தால் ஊதிவிடுங்கள். பட்டையை மட்டும் மடக்கிவிடாதீர்கள், மடங்கினால் புதிதுதான் போட வேண்டும்.

மிக்சர்மணி:
கோளாறு சேடிலோடு போகட்டும், வாங்கும் கதைக்கு வருவோம். சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்கு ஒலி பார்ப்பவன் நான். வெறும் அகூஸ்டிக்கோடு வருகிறவரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மைக் வைத்தால் அவர் பாட்டு மயக்கத்தில் இரண்டு அடி நகர்ந்துவிடுவார், கிட்டார் காணாமல் போகும், சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கரில் வருவதையே மைக் திரும்ப வாங்கி ஊளையிடத் தொடங்கும். பிக்கப் உள்ள கிட்டார் என்றால் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), ஒரு கேபிள், வேலை முடிந்தது. அதற்கும் இந்த ஊளை, அதாவது ஃபீட்பேக், வரும், முக்கியமாக டிரெட்நாட் மாதிரி பெரிய உடம்புக்கு, ஆனால் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து, பிரீஆம்ப்பில் சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அதையும் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேடை ஆசை கொஞ்சமாவது இருந்தால் எலக்ட்ரோ-அகூஸ்டிக்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஆறாம்தந்தி:
மணி அண்ணா, அவர் மேடை ஏறப்போவதாக எங்கே சொன்னார்? எப்போதாவது ஒன்றிரண்டு பாட்டு என்கிறார். அதற்காகத் தினமும் வீட்டில் காதில் விழப்போகும் ஒலியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களே! இரண்டும் ஒரே விலை என்றால் பிக்கப்புக்கும் பிரீஆம்ப்புக்கும் போன காசு மரத்தில் கைவைத்துத்தான் வந்திருக்கும். பிக்கப்பைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம், லேமினேட் பலகையைச் சாலிட் ஆக்க யாராலும் முடியாது. இதை மட்டும் மனதில் வைத்து முடிவெடுங்கள் என்பேன்.

மாட்டுவதிலும் வழிகள் உண்டு. ஒலித்துளையில் கவ்விக்கொள்ளும் மேக்னடிக் பிக்கப்புக்கு ஒரு துளைகூடப் போட வேண்டாம், தேவையில்லாதபோது கழற்றிவிடலாம், ஒலி கொஞ்சம் எலக்ட்ரிக் கிட்டார் பக்கம் சாயும். இன்னும் இயல்பான ஒலி வேண்டுமென்றால் சேடில் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் ஒட்டும் டிரான்ஸ்டியூசர் (மரத்தின் அதிர்வை வாங்கும் பிக்கப்) இருக்கிறது, அதற்கு தோள்வார் மாட்டும் எண்ட்பின் இருக்கும் இடத்தில் கேபிள் செருகும் ஜாக்குக்காகத் துளையைப் பெரிதாக்க வேண்டும், தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. நைலான் தந்தி கிட்டாராக இருந்தால் மேக்னடிக்கை மறந்துவிடுங்கள், இரும்பு இல்லாத தந்தியை அது கண்டுகொள்ளாது.

ஒரு பழைய கதை. கிப்சன் நிறுவனம் 1954இல் ஜே-160இ என்று ஓர் எலக்ட்ரோ-அகூஸ்டிக்கைக் கொண்டுவந்தது, பீட்டில்ஸ் குழுவின் லெனானும் ஹாரிசனும் 1962இல் ஆளுக்கொன்று வாங்கினார்களே, அதே மாடல். ஃபீட்பேக் வரக் கூடாது என்று அதன் மேல்பலகையை ஒட்டுப்பலகையில் செய்தார்கள். செருகினால் ஜோர், செருகாமல் வாசித்தால் ஒலி உள்ளுக்குள்ளேயே முனகும். இரண்டு வேலைக்கும் ஒரே கிட்டார் என்றால் இந்தப் பேரம் அன்றைக்கே இருந்தது.

மிக்சர்மணி:
சரி, மேடை வேண்டாம் என்றால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் சாலிட் டாப்பைச் சாமி மாதிரி கும்பிடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 45லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்குச் சௌகரியம், ரொம்ப வறண்டால் பலகை வெடிக்கும், ரொம்ப ஈரமானால் வயிறு உப்பி ஆக்‌ஷன் ஏறும். உறையில் போடாமல் சுவரோரம் சாய்த்து வைக்கிற ஆளுக்கு லேமினேட்டே மேல். நல்ல லேமினேட் கிட்டார்கள் மோசமான சாலிட்டைவிட நன்றாகப் பேசியும் கேட்டிருக்கிறேன். அப்புறம், பின்னால் மாட்டும் பிக்கப்பின் விலையையும் கூலியையும் இன்றைக்கே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவல்கிட்டார்:
இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது, குழப்பம் கூடிவிட்டது :) இன்னும் இரண்டு கேள்வி. பதிவு செய்ய எலக்ட்ரோ-அகூஸ்டிக்தானே நல்லது? நண்பனிடம் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் சும்மா கிடக்கிறது, அதில் இதைச் செருகலாமா?

மொட்டைமாடிமைக்:
பதிவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பியெஸோவை நேராகப் பதிவு செய்தால், அழுத்தி ஸ்ட்ரம் செய்யும்போது (தந்திகளைச் சேர்த்து வருடும்போது) ‘குவாக்’ என்று பிளாஸ்டிக் தனமாக ஒரு ஒலி வரும், அதை மறைக்கவே பிறகு மெனக்கெட வேண்டும். அமைதியான அறை இருந்தால் சாதாரண மைக்கே போதும். 12ஆம் ஃப்ரெட்டைப் பார்த்தாற்போல ஓரிரு சாண் தள்ளி வையுங்கள், ஒலித்துளைக்கு நேராக வைத்தால் கீழ்ஸ்தாயி எல்லாம் ‘பொம்’ என்று கொட்டும். போனுக்கும் இதே கணக்குதான். பக்கத்து அறையில் டிவி ஓடும் வீடு என்றால் மட்டும் பிக்கப் கைகொடுக்கும்.

ஆம்ப்பில் செருகலாம், ஒன்றும் கெடாது. ஆனால் எலக்ட்ரிக் ஆம்ப்பின் ஸ்பீக்கர் மேல் அதிர்வெண்களைச் சரியாகத் தராது, அவற்றுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் இருக்காது, அதனால் கம்பளிக்குள் வாசிப்பது போலக் கேட்கும்.

மரத்தூள்:
பாரே கார்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. எஃப் வராததற்குக் கிட்டார் வகை காரணமில்லை. அதே விரல் அமைப்பை 3ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி ஜி பிடித்துப் பாருங்கள். அங்கே சுலபமாக வந்து, எஃப்பில் மட்டும் தகராறு என்றால் கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் நட்டின் காடிகள் உயரமாக இருக்கின்றன, தந்தியை அங்கே அமுக்குவதற்கே தனி பலம் வேண்டியிருக்கும். இரண்டு இடத்திலும் கஷ்டம் என்றால் ஆக்‌ஷனையோ உங்கள் பழக்கத்தையோதான் பார்க்க வேண்டும். வாங்கப் போகும்போது இரண்டு கிட்டாரிலும் இதைச் செய்யுங்கள், 12ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியின் அடியில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் செட்டப் செய்து (உயரத்தைச் சரிப்படுத்தி) தரச் சொல்லுங்கள். தந்தியும் .012 செட் (முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தில்) போட்டிருந்தால் இன்னும் மெல்லிய .011 கேளுங்கள், விரலுக்கு நிம்மதி.

இரவல்கிட்டார்:
அண்ணா, சேடில் அடியில் வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது! தேய்த்துப் போட்டதில் இரண்டாம் தந்தி சரியாகிவிட்டது, முதல் தந்தி மட்டும் இன்னும் ஒரு மாற்றுக் குறைவு. ஜி சுலபமாக வருகிறது, எஃப் வரவில்லை, ஆக நட்தான் போல. மேடை இப்போதைக்கு இல்லை, அதனால் சாலிட் டாப் அகூஸ்டிக் என்று முடிவு செய்துவிட்டேன், பிக்கப் பிறகு. முதல் தந்திக்கு இன்னும் தேய்க்கவா?

மரத்தூள்:
வேண்டாம், இனி தேய்த்தால் ஆக்‌ஷன் கெடும். சேடில் காடிக்குள் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள், விரலால் இழுத்தால் வர வேண்டும், குறடு தேவைப்பட்டால் அது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு அடிவரை இறங்கவில்லை என்று அர்த்தம், அப்படியானால் பக்கங்களை மட்டும் ஒரு துளி தேய்க்கலாம். அதுவும் இல்லையென்றால், பட்டை கீழிருந்து துளை வழியாக மேலே வந்து வளையும் இடம் முதல் தந்திக்கு அடியில்தானா என்று பாருங்கள். அங்கே பட்டை தட்டையாகப் படுக்காமல் மேடாக நின்றால் துளையின் விளிம்பைச் சரிவாக்க வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலையில்லை, சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள், எஃப்புக்காக நட்டையும் கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.