குழுச் சவாரியில் வாலை ஒட்டியே வருபவரிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம். இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் பக்கம் குதிரைச் சவாரி போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு யோசனை வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் எப்போதும் என் குதிரையின் வாலை ஒட்டியே வருகிறார். பின்னால் நெருங்கினால் அது உதைக்கும். அதை மற்றவர்களுக்கு எச்சரிக்கத்தான் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். அவர் அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ! காதைப் பின்னால் மடக்கி, வாலை வெடுக்கென்று சுழற்றி அது எச்சரிக்கிறது. இவரோ பேச்சு சுவாரசியத்தில் கவனிப்பதே இல்லை. குறைந்தது ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டாமா?

போன தடவை இன்னொன்று. வேலிக் கேட்டை மூட ஒரு அம்மா இறங்கியிருந்தார். அவர் திரும்ப ஏறுவதற்குள் இவர் பாய்ச்சலில் கிளம்பிவிட்டார். கூட்டம் போனால் குதிரை நிற்குமா? அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) ஒரு கால், தரையில் ஒரு காலாக அந்த அம்மா நொண்டியடித்தார். நல்லவேளை, விழவில்லை.

வயதில் பெரியவர், எல்லார் முன்னாலும் சொன்னால் சங்கடப்படுவார். சவாரியை நடத்துபவரிடம் சொல்லி, கிளம்புமுன் பொதுவாக அறிவிக்கச் சொல்லலாமா? இல்லை, தனியாகக் கூப்பிட்டு நானே பேசிவிடலாமா? அப்புறம், உதைக்கும் குதிரை கடைசியில் வருவதுதான் முறை என்கிறார்கள். என்னுடையது பின்தங்கினாலே பதறுகிறது. அதைப் பழக்க வழி இருந்தாலும் சொல்லுங்கள்.