பூங்கோரை, விஷப்பாசி: நேரில் பார்த்தவங்க எழுதுங்க

மண்டபத்துக்காரன்:
2019 செப்டம்பர், பாம்பன் குந்துகால் பக்கம், விடியக்காலை. பூங்கோரை, அதான் கடல்ல பாசி பெருகுறது, வந்தா கடல் ரெண்டு நாள் பச்சையா கிடக்கும், காத்து திரும்பினா போயிரும். அந்தத் தடவை போகல. கரையெல்லாம் ஓரா, கிளிமீன் செத்து ஒதுங்கிருச்சு. அஞ்சாலை பாம்பு மாதிரி நீளமான மீன், பாறைப் பொந்தை விட்டுப் பகல்ல வெளிய வராது. ஒண்ணு முழங்கால் தண்ணியில வாயை மேல தூக்கித் திறந்து திறந்து மூடிக்கிட்டு நின்னுச்சு. துடுப்பால தள்ளி ஆழத்துல விட்டேன். திரும்பவும் அங்கேயே வந்துச்சு. "விடுடா, உள்ள அதுக்கு மூச்சு இல்ல"ன்னார் அப்பா. அது வாயை மூடித் திறந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

நெய்தல்_மகள்:
அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஆகஸ்ட்ல, திருவான்மியூர்ல அலை நீலமா ஒளிர்ந்துச்சே, அதுவும் உங்க பூங்கோரையை உண்டாக்கின இந்த நாக்டிலூக்காங்கிற நுண்ணுயிர்தான். என் பொண்ணு கால் வெச்ச இடமெல்லாம் மின்னிச்சு. ஈர மணலை அள்ளிக் கன்னத்துல பூசிக்கிட்டா. மண்டபம் செய்தி படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. விஷத்தையா பூச விட்டேன்?

நுண்ணோக்கி:
விஷம் இல்லம்மா, பயப்படாதீங்க. நாக்டிலூக்கா நஞ்சு சுரக்காது. நான் முதல்தடவை லென்ஸ் வழியா பார்த்தது மறக்கவே இல்ல: ஒரு கண்ணாடி உருண்டை, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான பச்சைப் புள்ளிங்க நீந்திக்கிட்டு இருந்துச்சு. அதுங்க தனி உயிர்கள். உள்ள குடியிருந்து வெயில்ல உணவு தயாரிச்சுக் கொடுக்கும். குளிர்க்கடல் நாக்டிலூக்காவுக்கு இந்தக் குடித்தனம் கிடையாது, அதனால அங்க கடல் சிவப்பாகும். நம்ம பக்கம் பச்சை. ஒளிக்கும் ஒரு விசேஷம் உண்டு. சொந்தக்கார உயிரிகள்ல ஒளி தர்ற புரதம் தனி, ஒளிப்பொருளைப் பிடிச்சு வைக்கிற புரதம் தனி. இதுல ரெண்டும் ஒரே மரபணுவுல இணைஞ்சிருக்கு. மண்டபத்துல மீன் செத்தது மூச்சுமுட்டி. பாசி மொத்தமா செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னுரும், அம்மோனியாவையும் கக்கும். அந்த வருஷம் பவளப்பாறை அடியில ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழ போயிருந்துச்சு.

குமரிக்கடல்:
அண்ணா, நீங்க சொன்னது நாக்டிலூக்காவுக்குச் சரி. "பயப்படாதீங்க"ன்னு பொதுவா சொல்லிராதீங்க. வேற பாசியில விஷம் இருக்கும், அதைத் தின்ன சிப்பியிலயும் சேரும். 1997 செப்டம்பர், கேரளாவுல விழிஞ்ஞம், சித்தி வீடு. சிப்பி அவிச்சுத் தின்னு கொஞ்ச நேரத்துல மாமாவுக்கு உதடு மரத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப சட்டையைப் போட்டார், பட்டனைப் பிடிக்க விரல் வரல. சித்திதான் போட்டுவிட்டா. மாமா பிழைச்சார். அந்தத் தடவை 7 பேர் செத்தாங்க, 500 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில கிடந்தாங்க.

எல்லாரும் இதைக் கேளுங்க. சாக்ஸிடாக்ஸின்னு பேரு அந்த விஷத்துக்கு, வேகவெச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. சிப்பி பார்வைக்கும் வாசத்துக்கும் நல்லாத்தான் இருக்கும். தண்ணி நிறம் மாறணும்னும் இல்ல. தின்ன பிறகு உதடு, நாக்கு, விரல் நுனி மரத்தா வீட்டு வைத்தியம் பார்த்துக்கிட்டு உட்காராதீங்க. மாற்று மருந்து கிடையாது, மூச்சுத் தசை ஓஞ்சா செயற்கை சுவாசம்தான் காப்பாத்தும். அதனால அந்த வசதி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. மிச்சச் சிப்பியைக் கொட்டாம டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் கொடுங்க.

நுண்ணோக்கி:
தம்பி சொல்றது நியாயம், நான் அவசரப்பட்டுட்டேன். அந்த விஷம் சுரக்கிற பாசியில ஒண்ணு அலெக்ஸாண்ட்ரியம். அதுல ரெண்டு செல்லு பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணுல விஷம் இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. லென்ஸ் அதைக் காட்டாது. விஷத்தைத் தயாரிக்க வைக்கிற எஸ்எக்ஸ்டிஏ மரபணு இருக்கான்னு சோதிக்கணும். இதே வகை மரபணுக்கள் நன்னீர் நீலப்பச்சைப்பாசி சிலதுலயும் உண்டு.

நெய்தல்_மகள்:
மண்டபத்து அண்ணா, அந்த அஞ்சாலை?

மண்டபத்துக்காரன்:
மத்தியானம் போய்ப் பார்த்தேன்மா. காக்கா கொத்திக்கிட்டு இருந்துச்சு. பெறவு அப்பா சங்கு குளிக்கப் போயிட்டு வந்து, தீவு ஓரத்துல மான்கொம்புப் பவளம் பூரா வெளுத்துக் கிடக்குன்னார்.