கர்ப்பப்பையை எடுப்பது பற்றி டாக்டரிடம் நீங்களாகக் கேட்டீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

சேலம் வாணி
கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, வயது 44. பீரியட்ஸ் வந்தால் ரத்தம் கட்டி கட்டியாகப் போகும், அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன வாரம் டாக்டரிடம் இதைக் கேட்டே தீருவது என்றுதான் போனேன். அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ரத்தப்போக்கைக் குறைக்கும் பழைய ட்ரானெக்ஸாமிக் மாத்திரையையே மறுபடி எழுதி, "வேற ஏதாவது இருக்கா?" என்றார். கேட்கும்போதே கை அடுத்த ஆளைக் கூப்பிடும் மணிக்குப் போய்விட்டது. "இல்லை மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கேட்டால் இவளே எடுக்கச் சொல்லி வந்து நிற்கிறாள் என்று நினைப்பார்களா? கேட்காமல் விட்டால் மாதவிடாய் நிற்கும் வரை இப்படியே ஓட்ட வேண்டுமா? கேட்டவர்கள் எழுதுங்கள்.

ரெட்டைப் பிள்ளை அம்மா
நான் கேட்கவே இல்லை, அவர்களாகச் சொன்னார்கள். அப்போது எனக்கு 34. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, அவ்வளவுதான். டாக்டர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ரெண்டு குழந்தை ஆச்சு, குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு, இனி அந்தப் பை எதுக்கு சார், விட்டா கேன்சர்ல கொண்டுபோய் விடும்" என்றார். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் பாப் டெஸ்ட் கூட எடுக்கவில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு காலண்டரைப் பார்த்து வெள்ளிக்கிழமைக்குத் தேதி சொன்னார். என் மாமியார்தான் "கத்தி வைக்க என்ன அவசரம், பெரியாஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்போம்" என்றார். அங்கே பாப் டெஸ்ட் எடுத்துவிட்டு, கிருமித் தொற்று என்று எங்கள் இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. கர்ப்பப்பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தது, ஆந்திராவில் மட்டும் நூற்றுக்கு ஒன்பது பேருக்குப் பக்கத்தில். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குக் கர்ப்பப்பையை எடுத்தது பற்றி 2019-ல் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அதனால் வாணி, நீங்களாகப் போய் வாயைத் திறக்காதீர்கள்.

கோவை உமா
மேலே எழுதிய தோழிக்கு நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் "வாயைத் திறக்காதீர்கள்" என்று எப்படிச் சொல்லலாம்? வெள்ளைப்படுதலும், ரத்தம் கொட்டி ஹீமோகுளோபின் 6-க்கு இறங்குவதும் ஒன்றா? எனக்கு அடினோமயோசிஸ், கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள் வளர்கிற நோய். மாத்திரை பார்த்தாயிற்று, கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் லூப் வைத்தார்கள், ரத்தப்போக்கோடு அதுவும் வெளியே வந்துவிட்டது. கடைசியில் நானேதான் கேட்டேன், "எடுத்துவிடலாமா டாக்டர்?" அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "உட்காருங்க, இதை நிதானமாப் பேசணும்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சின்னத் துளை வழியாக, லேப்ராஸ்கோபியில் எடுத்தார்கள், சினைப்பைகளை விட்டுவிட்டார்கள், ஆறு வாரம் கனம் தூக்கவில்லை, இப்போது நன்றாக இருக்கிறேன்.
வாணி, கேட்பது வேறு, சம்மதிப்பது வேறு. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உட்கார்ந்ததும் அதை டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள், அப்புறம் மணி அடிக்க முடியாது. முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், அளவு மட்டும் போதாது. கர்ப்பப்பையின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சின்னதாக இருந்தாலும் ரத்தம் கொட்டும், அதைப் பல நேரம் வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி வழியாகவே எடுத்துவிடலாம். வெளிப்பக்கம் இருப்பது பெரிதானாலும் சும்மா கிடக்கும். நாற்பத்தைந்தை நெருங்குவதால் உள்சவ்விலிருந்து பயாப்ஸி தேவையா என்று கேளுங்கள். ஹார்மோன் லூப் எனக்கு நிற்கவில்லை என்பதற்காக உங்களுக்கும் நிற்காது என்றில்லை, நிறைய பேருக்கு அதிலேயே ரத்தப்போக்கு அடங்கிவிடுகிறது. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் உங்கள் ஊரில் செய்கிறார்களா என்று விசாரியுங்கள். மாதவிடாய் நின்றால் ஃபைப்ராய்டு தானாகச் சுருங்கும், அதுவரை தாங்க முடியுமா என்பது உங்கள் உடம்புக்குத்தான் தெரியும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் என்ன முடிவு எடுத்தாலும் முதலில் இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறுவது மிக அரிது, அதைச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதுரை செல்வி
எல்லோரும் கர்ப்பப்பையைப் பற்றியே பேசுகிறீர்கள். சினைப்பையைக் கேளுங்கள். எனக்கு 39 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பல வருடம் கழித்து மணிக்கட்டு உடைந்து எலும்பு டாக்டரிடம் போனபோது, "ஓவரி இருக்காம்மா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் பீரோவிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் பி.எஸ்.ஓ. என்று மூன்றெழுத்து இருந்ததைக் காட்டி, இரண்டு சினைப்பையும் எடுத்தாயிற்று என்றார். ஆபரேஷன் முடிந்த மாதமே உடம்பு தீயாக எரிந்ததும், தூக்கம் போனதும், எரிச்சலில் பிள்ளைகளை அடித்ததும் ஏன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் புரிந்தது. திடீரென்று மாதவிடாய் நின்றவள் நான், எனக்கு யாரும் சொல்லவில்லை. எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுக்கவோ ஹார்மோன் மாத்திரை பற்றிப் பேசவோ அந்த வயதிலேயே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

ரெட்டைப் பிள்ளை அம்மா
உமா, நான் பேசவே கூடாது என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பேனாவை மூடி வைக்கிற டாக்டர் கிடைத்தார். எங்கள் ஊரில் கேட்ட அன்றே அட்மிஷன் போடுகிறார்கள், அந்தப் பயத்தில் எழுதினேன். கேட்பதாக இருந்தால் ஆபரேஷன் வசதி இல்லாத இடத்திலும் ஒரு டாக்டரிடம் கேளுங்கள், எடுப்பதால் அவருக்கு எதுவும் வரப்போவதில்லை.

சட்டம் படித்த தங்கை
செல்வி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. என் அத்தைக்கும் இதே மாதிரி நடந்தது, வெளியே அவர் மகனிடம் கையெழுத்து வாங்கினார்கள், உள்ளே அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். 2008-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்தார், மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். வயது வந்த பெண் சுயநினைவோடு இருந்தால் அவர் கையெழுத்துதான் கையெழுத்து. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் கொடுத்த வழிகாட்டுதலை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவே போட்டது. எனவே ஒப்புதல் படிவத்தில் என்னென்ன எடுக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்
எனக்கு 38, கல்யாணம் ஆகவில்லை. அடினோமயோசிஸ். வலி வந்தால் பாத்ரூம் தரையில்தான் கிடப்பேன். நான் கேட்டேன். டாக்டர் உடனே, "அம்மா வந்திருக்காங்களா, உள்ள கூப்பிடுங்க" என்றார். அம்மாவிடம், "சீக்கிரம் ஒரு கல்யாணத்தை முடிங்க, குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்குக் குழந்தை பிறந்தாயிற்று, அதனால் எடுத்துவிடு. எனக்குப் பிறக்கவில்லை, அதனால் எடுக்காதே. வலிக்கிறதா என்று இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்று நான் நிற்கவில்லை, லூப் வைத்துப் பார்க்கவும் தயார். உமா அக்கா சொன்ன மாதிரி தாளில் எழுதிக்கொண்டு வேறு டாக்டரிடம் போகிறேன், இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சென்னையில் கல்யாணம் ஆகாத பெண்ணிடம் நேராகப் பேசுகிற டாக்டர் யாரையாவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.