கார்பன் ஷூவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டு அறிவியலுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் என்னை ஒரு வாரமாக நகரவிடவில்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள் இப்போது அணிகிற, உள்ளே கார்பன் தகடு வைத்த காலணி ஒன்று. "கரிம இழைத் தகட்டு ஓட்டக் காலணி" என்று குறித்து வைத்திருக்கிறேன். பொருள் சரிதான், ஆனால் வாயில் நிற்கவில்லை. மற்றொன்று 'ரன்னிங் எகானமி'. அதை "ஓட்டப் பொருளாதாரம்" என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். பந்தயங்களில் புரளும் பணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். குழுவில் ஓடுகிறவர்கள் இருக்கிறீர்கள், வழி சொல்லுங்கள்.

---

ஐயாவுக்கு வணக்கம்.

இரண்டாவது சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சரியாக அமைந்தால் முதல் சொல் பாதி அமைந்துவிடும்.

இங்கே 'எகானமி' பொருளாதாரம் அல்ல, சிக்கனம். ஒரே வேகத்தில் ஓடும் இருவரில் குறைந்த ஆக்சிஜனில் சமாளிப்பவர் சிக்கனமான ஓட்டக்காரர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று வண்டியை விசாரிக்கிறோமே, அதே கேள்விதான். ஆகவே பண்புக்கு "ஓட்டச் சிக்கனம்", ஆய்வகத்தில் அளந்து எழுதும் எண்ணுக்கு "ஓட்டச் செலவு" என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். செலவு குறைந்தால் சிக்கனம் கூடுகிறது. எது ஏறியது, எது இறங்கியது என்ற தடுமாற்றம் எழுதுகிறவருக்கும் வராது, படிக்கிறவருக்கும் வராது.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தக் காலணியே சாட்சி. 2017-இல் நைக்கி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வேப்பர்ஃபிளையின் பெயரிலேயே '4 சதவீதம்' என்று இருந்தது. அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 ஓட்டக்காரர்களை மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓடவிட்டு அளந்தார்கள். அன்றைய சிறந்த பந்தயக் காலணிகளோடு ஒப்பிட்டபோது ஓட்டச் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. குறைந்தது செலவு, கூடியது வேகம் அல்ல. ஆனால் வேகமே 4 சதவீதம் கூடும் என்று நம்பியவர்களை எங்கள் மைதானத்திலேயே அறிவேன். 3 மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவருக்கு 7 நிமிடம் 12 விநாடி மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். பெருக்கல் சரி, பெருக்கிய பொருள்தான் தவறு. வேகம் ஏற ஏற எதிர்காற்றின் தடை மேலும் மேலும் விலை கேட்கும். மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுவதால், வேகமாக ஓடுகிறவர்களுக்கு வேகத்தில் கிடைக்கும் லாபம் சிக்கனத்தில் கிடைத்ததைவிடக் குறைவு. மெதுவாக ஓடுகிறவர்களின் நிலை வேறு: அவர்களுக்குச் சிக்கனமே குறைவு. 2023-இல் வந்த ஓர் ஆய்வில் மணிக்கு 12 கிலோமீட்டரில் 1.4 சதவீதமும், 10 கிலோமீட்டரில் 0.9 சதவீதமும்தான் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வேகத்துக்காரர்கள். அதே ஆண்டு கென்யாவின் உலகத்தர ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவருக்கு 11 சதவீதத்துக்கு மேல் செலவு குறைந்தது. இன்னொருவருக்கு ஏறக்குறைய அதே அளவு கூடியது. எனவே, சென்ற மாதம் இங்கே ஒரு நண்பர் முன்வைத்த "வேகக் காலணி" என்ற பெயரை நான் ஏற்கமாட்டேன். எல்லோருக்கும் கொடுக்காத ஒன்றைப் பெயரிலேயே வாக்குக் கொடுக்கக் கூடாது.

இனி முதல் சொல்.

மைதானத்தில் நாங்கள் சொல்வது "கார்பன் ஷூ", சிலர் "பிளேட் ஷூ". பேச்சுக்கு அது போதும், அதை மாற்ற நான் வரவில்லை. எழுத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்றால், அது தகட்டின் பெயரால் அமையக் கூடாது என்பது என் கட்சி.

என்னுடைய பழைய பந்தயக் காலணி ஒன்று மேல்துணி கிழிந்து, அடி தேய்ந்து கிடந்தது. போன மாதம் அதை ஒரு பலகையில் வைத்து, இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தேன். நுரைக்குள் ரம்பம் சத்தமில்லாமல் இறங்கியது. தகடு வந்ததும் கறகறவென்று பல் கூசியது. திறந்து பார்த்தால், தடித்த வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. குதிகாலில் சற்று மேலே தொடங்கி, விரல்களுக்குக் கீழே தாழ்ந்து, முனையில் மறுபடி நிமிர்கிறது; கரண்டியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல. தடிமன் அதிகம் போனால் பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. மற்றதெல்லாம் நுரை. பெருவிரலை வைத்து அழுத்தினேன். நகம் மறையும் அளவு உள்ளே போனது. விரலை எடுப்பதற்குள் மேடாகிவிட்டது. அந்தத் துண்டை மறுநாள் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறதே" என்றான். அவனுக்கு இயற்பியல் பாடத்தில் இன்னும் அந்த அத்தியாயம் வரவில்லை.

அவன் சொன்னதற்கு எண் இருக்கிறது. கொலராடோ ஆய்வில் காலணிகளை இயந்திரத்தில் அழுத்தியும் அளந்தார்கள். உள்ளே செலுத்திய ஆற்றலில் வேப்பர்ஃபிளை 87 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒப்பிட்ட மற்ற இரண்டு காலணிகளில் ஒன்று சுமார் 76, மற்றொன்று சுமார் 66.

தகட்டின் பங்கு? 2022-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ரம்பத்தைத்தான் எடுத்தார்கள். முன்பாதத்துக்குக் கீழே தகட்டில் குறுக்காக ஆறு வெட்டுகள் போட்டு, அதன் விறைப்பைக் கெடுத்துவிட்டு ஓடவிட்டார்கள். ஓட்டச் செலவில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. சராசரியில் அரை சதவீத அளவுதான். தகட்டுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இவ்வளவு மென்மையான, உயரமான நுரையைத் தள்ளாடாமல் பிடித்து நிறுத்தவும், அடியின் வளைந்த வடிவத்தைக் காக்கவும் அது உதவக்கூடும். ஆனால் உதவியாளரின் பெயரை வீட்டுக்கே வைக்க வேண்டாம் என்கிறேன்.

"கரிம" என்ற அடையில் இன்னொரு சிக்கல். கரிம வேதியியல், கரிமச் சேர்மம் என்று படித்த மாணவருக்கு அது வேறு பொருள் தரும். கார்பன் என்றே எழுதலாம்.

"உந்து காலணி" நன்றாக ஒலிக்கிறது, ஆனால் பொய் சொல்கிறது. காலணிக்குள் எஞ்சினும் இல்லை, பேட்டரியும் இல்லை. நாம் மிதித்துக் கொடுத்ததில் கொஞ்சம் குறைத்துத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். "மீக்காலணி" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். மீயொலி, மீக்கடத்தி வரிசையில் இலக்கணமாகப் பொருந்துகிறது. உலகப் பத்திரிகைகள் சொல்லும் 'சூப்பர் ஷூ'வுக்கு நேராகவும் நிற்கிறது. அந்தப் பெயர் பிறந்த சூழலும் எனக்குப் புரிகிறது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே இந்த வகைக் காலணியோடு மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். சாதனையாகப் பதிவு செய்ய முடியாத ஏற்பாட்டில் நடந்த ஓட்டம் என்றாலும் உலகமே பார்த்தது. மறுநாளே சிகாகோ மாரத்தானில் அதே வகைக் காலணியோடு பிரிஜிட் கோஸ்கெய் 2 மணி 14 நிமிடம் 4 விநாடியில் ஓடி, 16 ஆண்டுகள் அசையாமல் நின்ற பவுலா ராட்கிளிஃபின் பெண்கள் உலக சாதனையை 81 விநாடி குறைத்தார். வியப்பில் வைத்த பெயர் அது. வியப்பு ஆறிவிடும். எல்லாக் காலணியும் இப்படி ஆகிவிட்ட பிறகு 'மீ' எதைவிட மீ என்று கேட்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: "மீள்நுரைக் காலணி". மிதிக்கும்போது அமுங்கி, எடுக்கும்போது மீள்கிற நுரை. நான்கே அசையில் வேலையும் பொருளும் வந்துவிடுகின்றன. ஈழத்து நண்பர்கள் "மீள்நுரைச் சப்பாத்து" என்று எழுதினாலும் சொல் குலையாது.

---

தம்பிக்கு,

சிக்கனம், செலவு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மீள்நுரையில் மூன்று தடை சொல்கிறேன்.

புணர்ச்சி விதிப்படி ளகர மெய்யும் நகரமும் சேர்ந்தால் ணகரமாகும். தாள், நிழல் சேர்ந்து தாணிழல் ஆகவில்லையா? உங்கள் சொல் "மீணுரை" ஆக வேண்டும்.

விதிமுறைகளில் தகடு இருக்கிறது. 2020 ஜனவரி 31 அன்று உலகத் தடகள அமைப்பு அறிவித்ததில் அடியின் உயரம் 40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் கூடாது என்றுதான் சொன்னார்கள். நீங்கள் உதவியாளர் என்று ஒதுக்கியதை அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. நுரை என்றால் கறந்த பாலில் நிற்பது, அலையோடு வந்து மணலில் அடங்குவது. தொட்டால் போய்விடும். போய்விடுவதைப் பெயராக்கி, மீள்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

---

ஐயா,

தாணிழல் அழகான சொல். ஆனால் மீணுரை என்று அச்சில் கண்டால் பிள்ளைகள் மீளுவதையும் நுரையையும் சேர்த்தே தொலைத்துவிடுவார்கள். நாள்நிரல் என்று பிரித்தே எழுதிப் பழகிவிட்ட காலம் இது; அந்தச் சலுகையை இதற்கும் கேட்கிறேன்.

தகட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். விதியைப் பற்றி எழுதும்போது "தகட்டுக் காலணி" என்றே எழுத வேண்டும். காயத்தைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். பாதத்தின் நடுவில் படகு வடிவில் இருக்கும் எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்ட ஐந்து பேரைப் பற்றி 2023-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் அணிந்திருந்தது கார்பன் தகட்டுக் காலணி. அங்கே சந்தேகம் விறைப்பின் மேல் இருக்கிறது, நுரையின் மேல் இல்லை. எந்த உறுப்பைப் பேசுகிறோமோ அதன் பெயர் வரட்டும். தலைச்சொல்லாக மட்டும் மீள்நுரை நிற்கட்டும்.

உங்கள் மூன்றாவது தடையை இரண்டு நாள் சுமந்துகொண்டு ஓடினேன். பால் நுரையில் காற்றைச் சுற்றியிருப்பது மெல்லிய நீர்ப்படலம், தொட்டால் உடையும். காலணி நுரையிலும் காற்றறைகள்தான், ஆனால் அவற்றின் சுவர் உடையாமல் நெளியும் பிளாஸ்டிக். அறை நசுங்கும், சுவர் வளையும், பாரம் போனதும் இரண்டும் பழைய இடத்துக்கு வரும். நம் மொழியில் நுரை என்றாலே அடங்கிப்போவது என்று நீங்கள் சொன்னது உண்மை என்பதால்தான் 'மீள்' என்ற அடை அங்கே தேவைப்படுகிறது. வெறும் "நுரைக் காலணி" என்று வைத்திருந்தால் உங்கள் தடைக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டிருந்தீர்கள்: "மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில், மீள்நுரைக் காலணியோடு ஓடியபோது அவருடைய ஓட்டச் செலவு குறைந்தது."