முயலின் பின்பக்கத்தில் பிசுபிசுப்பாக ஒட்டுகிறது, எதை நிறுத்துவது?

வெள்ளைக்காது:
அவசரம். மூன்று நாளாக எங்கள் முயலின் பின்பக்க முடியில் கருப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை. காய், பழம், கீரை எல்லாம் புதிதாகத்தான் கொடுக்கிறேன். எதை நிறுத்துவது?

மழைக்குருவி:
வயது என்ன? காய், பழம் என்றால் எது, எவ்வளவு? வழக்கமான உருண்டைப் புழுக்கையும் போடுகிறதா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

தோட்டக்காரன்:
கீரையைக் கழுவி ஈரத்தோடு போட்டிருப்பீர்கள். அதுதான் காரணம். துணியில் பரப்பி உலர்த்திக் கொடுங்கள், நின்றுவிடும்.

நான்குகால்:
ஈரத்தால் கழிச்சல் வராது. நான் ஏழு வருடமாகக் கீரையைச் சொட்டச் சொட்டத்தான் போடுகிறேன், கூடுதல் தண்ணீர் உள்ளே போகட்டும் என்று. குவித்து வைத்துச் சூடேறிய, அழுகத் தொடங்கிய இலைதான் ஆபத்து.

மூத்தவன்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்த்துவிட்டு எழுதக் கூடாதா? முயல் புல் தின்னும் பிராணி. அதுகூடத் தெரியாமல் வாங்கிவிடுகிறீர்கள். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர்புல் இருக்க வேண்டும். கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி.

வெள்ளைக்காது:
ஒன்றரை வயது. தினம் ஒரு முழு கேரட், அரை வாழைப்பழம், ஒரு பிடி கொத்தமல்லி. உருண்டையும் போடுகிறது. வைக்கோல் எப்போதும் கூண்டில் இருக்கிறது, தொடுவதில்லை.

மூத்தவன்:
வைக்கோலும் உலர்புல்லும் ஒன்றல்ல.

தோட்டக்காரன்:
இரண்டும் காய்ந்த புல்தானே ஐயா. மாடு வைக்கோல் தின்று வாழவில்லையா?

மூத்தவன்:
கதிர் அடித்தபின் மிஞ்சும் தாள்தான் வைக்கோல், சத்து போய்விட்டது. உலர்புல் பச்சையாக இருக்கும்போதே இலையோடு அறுத்துக் காயவைப்பது. வைக்கோல் படுக்கைக்குத்தான்.

தோட்டக்காரன்:
முயல் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், வைக்கோலைக் கடித்தாலும் தேயத்தானே போகிறது?

நான்குகால்:
பல் தேயும், சத்து போதாது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசைபோடும். அதை முயலோடு ஒப்பிட வேண்டாம். கேட்டவர் காத்திருக்கிறார், விடுங்கள்.

மழைக்குருவி:
வெள்ளைக்காது, உருண்டை வருகிறது என்பது நல்ல செய்தி. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். உருண்டை ஒன்று. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி, மென்மையாக, பளபளப்பாக இருக்கும். அதில் குடலின் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய வைட்டமின்களும் புரதமும் இருப்பதால், வெளியே வரும்போதே வாய் வைத்துத் தின்றுவிடும். நாம் பார்ப்பதே அரிது. இனிப்பு மிகுந்தால் அது இளகிப்போகும், முயலும் தின்னாமல் விட்டுவிடும். உங்கள் முயலுக்கு ஒட்டுவது அதுவாகத்தான் தெரிகிறது.

பழத்தையும் கேரட்டையும் இன்றே நிறுத்துங்கள். உலர்புல் எப்போதும் குவிந்திருக்கட்டும். ஆனால் குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர்) வாங்காதீர்கள், அது குட்டிகளுக்கு. வளர்ந்த முயலுக்கு அதில் கால்சியம் அதிகம். கொத்தமல்லியை இப்போதைக்குக் குறைத்து, ஒட்டுவது நின்றபின் கீரைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

குளிப்பாட்ட வேண்டாம், மிரண்டுவிடும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். அப்புறம், அழுக்கு முடியில் ஈ முட்டையிட்டால் புழு தோலைத் தின்னும், ஒரே நாளில்கூட உயிருக்கு ஆபத்தாகும். காலையும் மாலையும் பின்பக்கத்தைப் பாருங்கள்.

நான்குகால்:
ஒன்று சேர்க்கிறேன். தண்ணீராகவே கழிந்தாலோ, 10, 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவர். முயலுக்கு வாந்தி எடுக்க வராது, குடல் நின்றால் நிலைமை வேகமாக மோசமாகும். வைக்கோலைத் தொடாததற்குப் பல்லில் கோளாறும் காரணமாக இருக்கலாம், கடைவாய்ப் பல்லையும் காட்டிவிடுங்கள்.

வெள்ளைக்காது:
ஆறு நாள் ஆயிற்று. உலர்புல் முதல் நாள் தொடவில்லை, இப்போது தின்கிறது. முடி காய்ந்திருக்கிறது. பல் சரியாக இருக்கிறது என்றார் மருத்துவர். நன்றி.