அலுமினிய ஆர்மா, நைலோன் ஆர்மா? வன்னிப் புழுதியிலை எது நிண்டு பிடிக்கும்?

கிரவல்றோட்டு (கிளிநொச்சி): என்ரை றிமோட்டிலை ஓடுற மொன்ஸ்டர் ட்றக் பத்திலொரு அளவு, நாலு சில்லும் இழுக்கும், பிரஷ்லெஸ் (கரித்துண்டு இல்லாத) மோட்டர், 3 செல் லைப்போ பற்றறி, 11.1 வோல்ற். ரெண்டு மாசத்திலை முன்பக்க நைலோன் ஏ-ஆர்ம் (சில்லை உடம்போடை பிடிக்கிற கை) மூண்டு உடைஞ்சு போச்சு. கொழும்பிலை இருந்து சாமான் வரக் கிழமைக்கணக்கு. பொறுமை கெட்டு லேத் கடையிலை 6 மில்லிமீற்றர் அலுமினியத்திலை வெட்டுவிச்சுப் பூட்டிட்டன். இனி ஆரும் நைலோனுக்குக் காசைக் கொட்டாதேங்கோ.

முல்லைமணல்: அண்ணை, ஆர்ம் உடையாதுதான். ஆனா அந்த அடி எங்கை போகும்? நைலோன் வளைஞ்சு அடியை விழுங்கும். அலுமினியம் அப்பிடியே உள்ளுக்குக் குடுக்கும். நானும் போட்டுப் பார்த்தனான். மாமரத்தோடை ஒரே ஒரு இடி. ஆர்மிலை கீறல்கூட இல்லை, பல்க்ஹெட் (ஆர்ம் பூட்டுற கூடு) பிளந்து, டிஃப் பெட்டியும் (ரெண்டு பக்கச் சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற கியர்ப் பெட்டி) வெடிச்சுப் போச்சு. ஆர்ம் மாத்தப் பத்து நிமிசம். பல்க்ஹெட் எண்டால் முன்பக்கம் முழுக்கக் கழட்டவேணும்.

கிரவல்றோட்டு: தம்பி, வளைஞ்ச அலுமினியத்தை வைஸிலை பிடிச்சு நாலு தட்டுத் தட்டினால் நிமிரும். உடைஞ்ச நைலோனை என்ன செய்யிறீர்? பசை போட்டு ஒட்டுறதோ? லான்ட்மாஸ்டரையே (ரெண்டு சில்லு உழவு மிசினையே) வெல்டிங் பிடிச்சுப் பிடிச்சு ஓட்டுற சனம் நாங்கள்.

முல்லைமணல்: லான்ட்மாஸ்டர் குளக்கட்டாலை பாயிறேல்லையே அண்ணை. தட்டி நிமித்தின அலுமினியம் அடுத்தடுத்த அடியிலை அதே இடத்திலை வெடிக்கும். இன்னொண்டு: நைலோனுக்கு ஈரம் வேணும், காய்ஞ்சால் நொறுங்கும். புது ஆர்மைக் கொதிதண்ணியிலை அரை மணித்தியாலம் போட்டு, அதிலையே ஆறவிட்டு எடுங்கோ. பிறகு வளைச்சுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். (வீட்டுச் சமையல் சட்டியிலை செய்யாதேங்கோ. நான் அம்மாட்டை வாங்கிக் கட்டினது காணும்.)

கராச்சுக்காரன் (வவுனியா): ரெண்டு பேரும் ஆர்மையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். ட்றக் எவ்வளவு வேகத்திலை போய் இடிக்குது? ஒரு வோல்ற்றுக்கு நிமிசத்துக்கு 3000 சுற்று மோட்டர் எண்டால், 11.1 வோல்ற்றிலை சுமையில்லாமல் 33,300 சுற்று. 13 பல்லுப் பினியனை (மோட்டர்த் தண்டிலை இருக்கிற சின்னக் கியரை) கழட்டி 11 போட்டால் உச்ச வேகம் 15 வீதம் இறங்கும், மோட்டர் சூடும் குறையும். சோழகக் காத்துக் காலத்து வெயிலுக்கு அதுவே பெரிய காரியம். 1987 இலை வந்த டமியா கொம்பனியின்ரை கிளொட் பஸ்டர் றிமோட் ட்றக்கைப் பாருங்கோ, அச்சுக்கு ஒண்டாய் ரெண்டு 540 அளவு மோட்டர், 7.2 வோல்ற். ஊர்ந்துதான் போகும், அதாலைதான் நிலைக்குது. அடுத்தது, ட்றக் பாய்ஞ்சு காத்திலை நிக்கேக்கை றிமோட்டின்ரை வேக ட்றிகரை விடவேணும். சில்லு முழு வேகத்திலை சுத்தின்படி நிலத்திலை விழுந்தால் அந்த உதைப்பு முழுக்கச் சில்லைச் சுத்துற டிறைவ் ஷாஃப்டுக்கும் டிஃப்புக்கும்தான்.

கிரவல்றோட்டு: ஊர்ந்து போறதைப் பார்க்க ஒரு பெடியனும் வரமாட்டான்.

வயல்வரம்பு: குறுக்கை வாறன். திறந்து கிடக்கிற ஸ்பர் கியருக்கு (பினியன் சுத்துற பெரிய கியருக்கு) கிரீஸ் பூசுற ஆக்கள் இருக்கினமோ? நான் பூசினன். கிரவல் புழுதி ஒட்டி அரைச்சு, மூண்டு நாளிலை பல்லெல்லாம் கூர்.

முல்லைமணல்: கிரீஸ் மூடின டிஃப் பெட்டிக்குள்ளைதான். வெளிக்கியர் காய்ஞ்சபடி ஓடட்டும், இல்லாட்டி மூடி போடுங்கோ. கடற்கரையிலை ஓட்டினால் பெயாரிங்கை அண்டைக்கே கழட்டிக் கழுவி எண்ணெய் விடுங்கோ, உப்பு ஒரு இரவிலை பிடிச்சிடும். ஓட்டாமல் வைக்கேக்கை லைப்போவை முழுச் சார்ஜிலை வைக்காதேங்கோ, செல்லுக்கு 3.8 வோல்ற் காணும். மிதிவெடிப் பலகை நிக்கிற பக்கம் ட்றக் போனால் போனதுதான், எடுக்கப் போகக்கூடாது.

கிரவல்றோட்டு: அது சரி. நேற்றுக் கழட்டிப் பார்த்தனான். பல்க்ஹெட்டிலை மயிர்க்கீறல் ஒண்டு ஓடியிருக்கு. முன்னுக்கு நைலோன் போடுறன், அவிச்சுத்தான். பின்னுக்கு அலுமினியம் கிடக்கட்டும், அதை நான் கழட்டமாட்டன். கொழும்புக்கு ஆரும் போறியளோ? 11 பல்லுப் பினியன் ஒண்டு வேணும்.

கராச்சுக்காரன்: மோட்டர்த் தண்டு 3.17 மில்லிமீற்றரோ 5 மில்லிமீற்றரோ? அளந்து சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை போறன்.